சமரசத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு

முப்பது கிராம் பட்டுக்காக ஒரு மனிதன் திருடன் என்று பெயர் வாங்க நேரும் என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள்.

நெசவாளி ஒருவர் பாவில் கடைசிச் சேலையையும் அறுத்து, மடித்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு வருகிறார். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. கொடுத்தபோதே நிறுத்துக் கணக்கில் எழுதப்பட்டவை. நெய்த சேலைகளையும், மிஞ்சிய நூலையும், கழிவையும் சேர்த்து இப்போது நிறுத்தால் எடை குறைகிறது.

“என்னப்பா, முப்பது கிராம் இடிக்குதே?”

“நீங்க கொடுத்ததைத்தான் நெய்தேன், முதலாளி. ஒரு இழை என் வீட்டில் தங்கவில்லை.”

“அப்போ தராசு பொய் சொல்லுதா?”

அவ்வளவுதான். கூலியில் பிடித்தம் என்கிறார் அவர். இனி உங்கள் வேலையே வேண்டாம் என்கிறார் இவர். அப்படியானால் வாங்கிய முன்பணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று பதில் வருகிறது. குரல்கள் உயர்கின்றன. தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நடுவில் உட்காருகிறார். இரண்டு பேரையும் அவருக்குச் சிறு வயது முதல் தெரியும். “பாதி நஷ்டத்தை அவர் ஏற்றுக்கொள்ளட்டும், பாதியை நீ விட்டுக்கொடு” என்கிறார். காப்பி வருகிறது. சமரசம் ஆகிவிட்டது.

ஆகிவிட்டதா? நெசவாளி வீடு திரும்பும்போது கூலியில் கொஞ்சம் போய்விட்டது. அதைவிட, திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பாதியை விட்டுக்கொடு என்றால் பாதித் திருட்டை ஒப்புக்கொள் என்றுதானே பொருள்? முதலாளியோ, திருட்டுக்குப் பாதி விலையைத் தாமே கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். அடுத்த பாவுக்கு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நெசவாளியின் மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறிவிடுகிறான் என்றால், கூலி ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது தராசைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டு, ஈரத்தைக் குடிக்கும் நூல். காற்றில் ஈரம் மிகுந்தால் அதன் எடை ஏறும். காற்று வறண்டால் இறங்கும். முற்றிலும் உலர்த்திய 100 கிராம் பட்டு, சாதாரண ஈரமுள்ள அறையில் 111 கிராம் நிற்கும் என்பது உலகமெங்கும் பட்டு வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அடைமழை நாளில் அது இன்னும் ஏறும். வெயில் கொளுத்துகிற நாளில் நன்றாகவே இறங்கும். ஐப்பசி மழையில் அரைக் கிலோ பட்டை நிறுத்துக் கொடுத்து, காய்ந்த நாள் ஒன்றில் சேலையாக நிறுத்து வாங்கினால், 20 கிராமோ 30 கிராமோ குறைவதற்கு யாரும் திருட வேண்டியதில்லை. தராசு பொய் சொல்லவில்லை. நெசவாளியும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது வானம்!

எடைக் குறைவெல்லாம் வானத்தின் வேலைதான் என்று நாம் சாதிக்க வரவில்லை. நூலைக் கைமாற்றியவர்களும் உண்டு. தராசைத் தட்டியவர்களும் உண்டு. ஆனால் எது வானத்தின் பங்கு, எது மனிதனின் பங்கு என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கும்போது, பாதிப் பாதி என்று முடிப்பது என்ன நியாயம்? நெசவுத் தொழில் கல்வி பெற்ற எந்த இளைஞரைக் கேட்டாலும் இந்த ஈரக் கணக்கைச் சொல்வார். சமரசம் பேசும் பெரியவர் அவரைக் கேட்டதில்லை. அவரும் சமரசம் நடக்கும் திண்ணைப் பக்கம் வந்ததில்லை. காஞ்சியில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, கைத்தறி இலாகாவின் அலுவலகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. அறிவு ஒரு தெருவிலும் அனுபவம் அடுத்த தெருவிலும் குடியிருக்கின்றன. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தொழில் தகராறுகளில் சமரசம் செய்து வைக்கும் அரிய வேலை நம் நாட்டில் முன்னேறாமல் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

காஞ்சிக்கு ஒரு சகோதரி உண்டு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரம். அங்கும் பட்டுத்தான் ஊர்ப் பிழைப்பாக இருந்தது. அங்கும் வியாபாரி பட்டைக் கொடுப்பார். நெசவாளி தம் வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பார். பட்டின் எடையைப் பற்றிய சச்சரவு அந்த ஊரையும் விடவில்லை. 1805-இல் நெப்போலியனின் ஆணைப்படி அங்கே ஒரு பொது நிலையம் ஏற்பட்டது. பட்டின் ஈரத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, நியாயமான எடை இதுதான் என்று சான்று கொடுப்பதே அதன் வேலை. விற்கிறவர் தராசும் அல்ல, வாங்குகிறவர் தராசும் அல்ல, ஊர்த் தராசு.

அடுத்த ஆண்டே, 1806 மார்ச் 18-ஆம் தேதிச் சட்டத்தின்படி, வியாபாரிகளும் தறிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சச்சரவுகளைத் தீர்க்கும் ஒரு சபையும் லியோனில் ஏற்பட்டது. முதலில் சமரசம் பேச வேண்டும்; முடியாவிட்டால்தான் தீர்ப்பு. சபையில் வியாபாரிகள் 5 பேர், தறிக்காரர்கள் 4 பேர். (நாலுக்கு ஐந்து என்று வைத்தபோதே யார் கை ஓங்கியிருந்தது என்பது விளங்கும்.) கொடுத்த பட்டையும் வந்த சரக்கையும் இரு தரப்பாரும் எழுதிக்கொள்ள ஒவ்வொரு தறிக்கும் இரட்டைக் கணக்குப் புத்தகம் வைக்கவும் ஏற்பாடாயிற்று. அன்று பட்டுக்காகத் தோன்றிய அந்தச் சபை முறை பிற்பாடு பிரான்ஸ் முழுவதும், எல்லாத் தொழில்களுக்கும் பரவி, இன்றும் அந்நாட்டின் தொழிலாளர் நீதிமன்றமாக இருந்துவருகிறது.

இதில் நமக்கு மிகவும் ருசிக்கிற விஷயம் வேறு. 1831 அக்டோபரில் லியோன் தறிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். இந்தச் சபையில் என்ன சச்சரவு வந்தது, என்ன பேசப்பட்டது, எப்படி முடிந்தது என்பதை அந்தப் பத்திரிகை வாராவாரம் பிரசுரித்தது. அதைப் படித்த தறிக்காரர், “நம் விவகாரமும் இப்படித்தானே, அங்கே இப்படி முடிந்திருக்கிறதே” என்று கேட்க முடிந்தது. ஒரு சமரசம் நூறு சமரசங்களுக்குப் பாடமாயிற்று. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் பெருமை தரும் செய்திதான்.

பெருமையோடு மற்றதையும் சொல்லிவிட வேண்டும். அதே 1831-இல் லியோன் நகரம் ரத்தம் சிந்தியது. நெய்கூலிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் வேண்டும் என்று தறிக்காரர்கள் கேட்க, அதிகாரி இரு தரப்பையும் கூட்டிவைத்து விகிதம் நிர்ணயமாகும்படி செய்தார். வியாபாரிகளில் ஒரு பகுதியார் அதை ஏற்க மறுத்தார்கள். பாரிஸில் இருந்த சர்க்கார் அதிகாரியைக் கைவிட்டது. நவம்பரில் கலகம் மூண்டது. எடைத் தகராறைத் தீர்க்கத் தெரிந்த சபையால் கூலித் தகராறைத் தீர்க்க முடியவில்லை. எந்தச் சச்சரவுக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொள்வதும் ஆராய்ச்சியின் வேலைதான்.

நம் நாட்டில் இப்படி எழுதி வைக்கும் பழக்கம் உண்டா? சட்டத்தையே பார்ப்போம். 1947 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுச் சட்டம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டது. அதன் இடத்துக்கு இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை உண்டு. சமரசம் தோற்றுப்போனால், தாம் என்னென்ன முயற்சி செய்தார், ஏன் முடியவில்லை என்று சமரச அதிகாரி முழு அறிக்கை எழுத வேண்டும். சமரசம் வெற்றி பெற்றால்? இரு தரப்பாரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையை இணைத்து அனுப்பினால் போதும். தோல்விக்குக் காரணம் கேட்ட சட்டம், வெற்றிக்குக் காரணம் கேட்கவில்லை! எந்த வார்த்தையில் முடிச்சு அவிழ்ந்தது, யார் முதலில் இறங்கி வந்தார், தனித்தனியே பேசியதால் பலன் கிடைத்ததா, எதிரெதிரே உட்கார வைத்ததாலா — இவையெல்லாம் அந்த அதிகாரி ஓய்வு பெறும்போது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. அவர் இடத்துக்கு வரும் இளைஞர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடி போட்ட பேராசிரியர்களும் ஆங்கில அறிக்கைகளும்தான் நினைவுக்கு வர வேண்டும் என்பதில்லை. சமரசத்துக்கு உட்காருமுன் கணக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்த ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். 1918-இல் அகமதாபாத்தில் பிளேக் காலத்துக்காகக் கொடுத்து வந்த போனஸை மில் முதலாளிகள் நிறுத்தியபோது, தொழிலாளர்கள் நூற்றுக்கு 50 கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் இல்லை என்றார்கள். காந்திஜி உடனே இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்துவிடவில்லை. வல்லபபாய் பட்டேல், சங்கர்லால் பாங்கர் முதலியவர்களோடு சேர்ந்து, விலைவாசி என்ன, பம்பாய் மில்களில் கூலி என்ன, மில்களால் எவ்வளவு தாங்க முடியும் என்றெல்லாம் விசாரித்தார். 35 நியாயம் என்ற முடிவுக்கு வந்தார். வந்தபின், 50 கேட்ட தொழிலாளர்களையே 35-க்கு இறங்கச் சொன்னார். அதற்குக் கீழே போகக்கூடாது என்று பிரதிக்ஞையும் செய்யச் சொன்னார்.

விசாரித்ததோடு அவர் நிற்கவில்லை. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தொழிலாளர்கள் தினம் கூடினார்கள். துண்டுப் பிரசுரங்கள் அவர்கள் பாஷையிலேயே அச்சாகி, உரக்கப் படிக்கப்பட்டன. அவை அனசூயாபென் பெயரில் வெளிவந்தன. அந்த அம்மாளோ எதிர்த்தரப்பில் நின்ற மில் முதலாளி அம்பாலால் சாராபாயின் உடன்பிறந்தவர்! கடைசியில் காந்திஜி உண்ணாவிரதம் இருந்தார். அது முதலாளிகளை நிர்ப்பந்தப்படுத்திவிட்டது, அந்த அளவுக்கு அது குறைதான் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். மார்ச் 18-இல் ராஜி ஏற்பட்டது. விஷயம் ஆனந்தசங்கர் துருவ் என்ற அறிஞரின் மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டது. அவர் அளித்த தீர்ப்பும் 35தான். உண்ணாவிரதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குமுன் நடந்த கணக்கு வேலையை மறந்துவிட்டோம்.

காஞ்சிக்குத் திரும்புவோம். சமரசம் இந்த ஊருக்குப் புதிது அல்ல. செங்குந்தர்களின் 72 நாடுகளைப் பற்றியும், அவற்றுக்கெல்லாம் தலைமையிடமாகக் காஞ்சிபுரம் இருந்ததைப் பற்றியும் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். நாட்டாண்மைச் சபைகள் தொழில் விவகாரங்களையும் சமூக விவகாரங்களையும் விசாரித்துத் தீர்த்தன. அவருக்கு இரண்டு ஆண்டு முன்பு யுவோன் ஆர்ட்டர்பர்ன் என்ற அம்மாள், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். ஒருவரையொருவர் சார்ந்து நிற்கும் தறி என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். நல்ல பெயர். பாவு இழுப்பவர், சாயம் தோய்ப்பவர், நூல் சுற்றும் பெண்கள், நெய்பவர், முதலாளி — இவர்களில் ஒருவர் கையை எடுத்தாலும் சேலை நின்றுவிடும். கடல் கடந்து வந்த ஒருவர் பல நாள் இங்கே தங்கிக் கேட்டு எழுதிய விஷயத்தை, எந்தத் தெருவில் கேட்டாரோ அந்தத் தெருவில் எத்தனை பேர் அறிவார்கள்? அறிந்துகொள்ள நாம் என்ன ஏற்பாடு செய்தோம்? குற்றம் எழுதியவர்மேல் இல்லை. நம் தெருவைப் பற்றிய அறிவை நம் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியது நம் வேலை.

பழைய பஞ்சாயத்தைப் புகழ்ந்து பேசுவோர் அதன் பாயில் யார் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெசவாளி வீட்டில் பாதி வேலை பெண்களுடையது. நூல் சுற்றுவது அவர்கள். கோர்வைச் சேலைக்குத் தறியில் துணை நிற்பதும் பல வீடுகளில் அவர்கள். இப்போது முழுச் சேலையையும் தாமே நெய்பவர்களும் உண்டு. ஆனால் விவகாரம் என்று வந்தால் அவர்கள் கதவுக்குப் பின்னால்தான். நடுவில் உட்காரும் பெரியவரோ பல சமயம் தாமும் நாலு தறிக்கு முதலாளி. நாளைக்குத் தம் வீட்டிலும் இதே எடை விவகாரம் வரும் என்பது அவருக்குத் தெரியாதா? அவரை நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவரே அறியமாட்டார் என்றுதான் சொல்கிறோம்.

யார் பாயில் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டமே சமீபத்தில் பார்த்தது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் முதல் கோரிக்கை. தமிழக மந்திரிகளே தலையிட்டார்கள். அக்டோபர் 7-ஆம் தேதி நிர்வாகத்துக்கும் ஒரு தொழிலாளர் குழுவுக்கும் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஆனால் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த சங்கத்தார் அந்தக் குழு தங்களுடையது அல்ல என்றார்கள், போராட்டம் தொடர்ந்தது. சங்கத்தாரோடும் பேசியபின் அக்டோபர் 15-ஆம் தேதிதான், 37 நாட்களுக்குப் பிறகு, முடிவுக்கு வந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. இந்த விவகாரத்தில் நியாயம் யார் பக்கம் என்பது இங்கே நம் விஷயம் அல்ல. முதல் உடன்பாடு ஏன் நிற்கவில்லை, இரண்டாவது ஏன் நின்றது என்பதை யாராவது நிதானமாக உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்டு எழுதினால், அந்த வட்டாரத்தில் உள்ள நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளுக்கு அது பாடப் புத்தகமாகும்.

கேட்டு எழுதினால் என்ன பலன் என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்வோம். அமெரிக்கத் தபால் இலாகாவில் மேலதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஓயாத சச்சரவு. 1994-இல் அங்கே ஒரு சமரசத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சமரசக் கூட்டம் முடிந்ததும் இரு தரப்பாரிடமும் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்படும். நிரப்பிய தாள் இலாகாவுக்குப் போகாது; நேரே இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு, லிசா பிங்ஹாம் என்ற பேராசிரியையிடம் போகும். இலாகாவின் ஆட்களே நடுவில் உட்கார்ந்ததைவிட வெளியார் உட்கார்ந்தபோது திருப்தி அதிகம் என்பது அந்தத் தாள்களில் தெரிந்தது. திட்டமும் அதற்கேற்ப வெளியாரைக் கொண்டே நாடு முழுவதும் விரிந்தது. ஊழியர், அதிகாரி ஆகிய இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர், தங்களை மரியாதையாக நடத்தினார்கள், தங்கள் பேச்சைக் கேட்டார்கள் என்று எழுதினார்கள். பணம் கிடைத்ததா என்பதைவிட இது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. நம் நெசவாளிக்கும் முப்பது கிராமின் விலையைவிடத் திருடன் என்ற சொல்தானே நெஞ்சில் முள்ளாக நிற்கிறது?

சமரசத்தில் பேசியதை எழுதி வெளியிடலாமா, அது நம்பிக்கைத் துரோகம் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் பேச்சின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. நாம் கேட்பது பெயர்களை அல்ல. இன்னார் மகன் இன்னார் என்பது எதற்கு? விவகாரம் எதைப் பற்றியது, எத்தனை நாளில் முடிந்தது, நடுவில் இருந்தவர் தறி முதலாளியா, சங்கத்தவரா, வெளியாரா, ஆறு மாதம் கழித்து அந்தச் சமரசம் நிலைத்ததா உடைந்ததா — இவ்வளவு போதும். பெண்கள் பேச அழைக்கப்பட்டார்களா என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

வேறொரு ஆட்சேபமும் உண்டு. அது இன்னும் கனமானது. பலவானும் பலவீனனும் உட்கார்ந்து பேசும் சமரசம், பலவானுக்குத்தான் சாதகம் என்பார்கள். முன்பணத்தில் கழுத்துவரை மூழ்கியவன் எதற்கு ஒப்புக்கொள்ளமாட்டான்? உண்மை. அதனால்தான் சில விஷயங்கள் திண்ணைக்கே வரக்கூடாது என்கிறோம். கடனைக் காட்டி ஒருவரைத் தறியோடு கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பதும் அப்படியே. காஞ்சிப் பட்டுக்கு இந்த அவப்பெயர் ஒரு காலத்தில் கடல் கடந்தும் பரவியிருந்ததை மறக்க முடியாது. இங்கே சமரசப் பேச்சுக்கு இடமே இல்லை. சட்டம் தன் வேலையைச் செய்ய வேண்டும். மற்ற விவகாரங்களில், நோட்டு ஒன்று இருந்தால் பலவீனனுக்கும் ஒரு பிடி கிடைக்கும். “போன வருஷம் இதே மாதிரி ஐந்து விவகாரத்தில் பிடித்தம் தள்ளுபடி ஆயிற்றே, பெரியவரே” என்று அவர் கேட்கலாம் அல்லவா?

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், வழக்கு என்பது என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் உள்ள விவகாரம் ஆங்கிலேயர் காலந்தொட்டுக் கோர்ட்டுப் படிகளில் ஏறி இறங்கி வருகிறது. பெருமாளுக்கு அவசரம் இல்லை. கூலிக்காரருக்கு அடுத்த வாரம் அரிசி வாங்க வேண்டும். வீட்டில் தறி வைத்து நெய்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்று வாதாடவே பல ஆண்டுகள் போய்விடும்.

ஆகவே காரியத்துக்கு வருவோம். பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் போடட்டும். தனி முதலாளிகளின் விவகாரங்களை நெசவாளர் சங்கங்கள் எழுதட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பை ஊரில் உள்ள கல்லூரிகள் ஏற்கலாம். பச்சையப்பன் கல்லூரிகள் இரண்டு இங்கேயே இருக்கின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். கண்டதைத் தமிழில் எழுதி, அச்சிட்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாலை நேரத்தில் உரக்கப் படிக்க வேண்டும். கேட்கிறவர்கள் “அது அப்படி இல்லை, தம்பி” என்று திருத்தினால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எடை விவகாரத்துக்கோ அதுவரை காத்திருக்கத் தேவையே இல்லை. முதலாளி தராசின் பக்கத்திலேயே, கொடுக்கிற அதே ரகப் பட்டில் ஒரு சிட்டத்தைச் சாட்சியாகத் தொங்கவிடட்டும். பட்டை நிறுத்துக் கொடுக்கும் நாளில் அந்தச் சிட்டத்தையும் இருவர் கண்முன்னே நிறுத்து எழுத வேண்டும். சேலை திரும்பி வரும் நாளிலும் அப்படியே. கொடுத்த அன்று சாட்சிச் சிட்டம் 104 கிராம், வாங்குகிற அன்று 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அன்று கொடுத்த 520 கிராம் பட்டு இன்று 500 கிராம்தான் நிற்கும். 20 கிராமுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்குமேல் குறைந்தால் பேசிக்கொள்ளலாம். ஜரிகைக்கு இந்தக் கணக்கைப் போடக்கூடாது. அதை முன்போலவே தனியாக நிறுத்துக் கொடுத்துத் தனியாகவே எழுதிக்கொள்ள வேண்டும். பாவுக்குக் கஞ்சி போட்டிருந்தால் அதற்கும் ஒரு தடவை பரீட்சை செய்து எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. நெசவாளர் சேவை மையத்தார் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் இந்தக் கணக்கை எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு அட்டையில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

வருகிற ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளுமுன் ஒரு சங்கமாவது இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். சிட்டத்தை எலி எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும்; சாமி படத்துக்குப் பக்கத்து ஆணி தோதாக இருக்கும், ஊதுவத்திப் புகை மட்டும் படக்கூடாது.